சவரிமுத்துவின் வலது கால்

தேயிலை எஸ்டேட்டில் கம்பவுண்டராக இருந்தவர்களுக்குத் தெரியும்: அலறிக்கொண்டு வருகிற நோயாளியைவிட, "ஒண்ணுமில்ல சார், கால்தான்" என்று வருகிறவர்தான் நம் நிம்மதியைக் கெடுப்பார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில், மாட்டுப்பட்டிக்கு மேலே ஓர் எஸ்டேட்டில் என் நிம்மதியைக் கெடுத்தவர் சவரிமுத்து.

நின்றால் போகிற வலி

சவரிமுத்து கவ்வாத்து வெட்டுகிறவர், அதாவது தேயிலைச் செடிகளின் கிளைகளைக் கழிக்கிறவர். வேலைக்கு டிமிக்கி கொடுக்கிறார் என்று கங்காணி அவரை என்னிடம் இழுத்து வந்தார். ஏற்றத்தில் நூறு அடி நடப்பாராம். கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு நிற்பாராம். வலி போனதும் மறுபடி நடப்பாராம். வலது பாதத்தின் மேல் விரல் வைத்து நாடி தேடினேன். கிடைக்கவில்லை. பாதம் ஜில்லென்றிருந்தது. இது நடிப்பில்லை என்றேன். கங்காணியோ சிரித்தார்.

"நின்னா போயிருதாம், நடந்தா வந்துருதாம். இம்புட்டு மருவாதை தெரிஞ்ச வலியை நான் கண்டதில்ல சார்."

பீடி

வாரம் ஒருமுறை வருகிற டாக்டர், "ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டு வருகிறது. பீடியை விடாவிட்டால் கால் போய்விடும்" என்றார். கால் போனால் வேலை போகும். வேலை போனால் எஸ்டேட் கொடுத்த லயத்து வீடும் போகும். சவரிமுத்துவின் வீட்டுக்கே போய் எல்லாவற்றையும் விளக்கினேன். அவர் மனைவி அந்தோணியம்மா பொறுமையாகக் கேட்டார்.

"அவரை விடச் சொல்லுதீகளே, உங்க சட்டைப் பையில இருக்கது என்னய்யா?"

கணப்பு

சிகரெட் பெட்டியை மறைத்துக்கொண்டு கிளம்பும் அவசரத்தில், "பாதத்தைச் சூடா வச்சுக்கணும்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். நான் நினைத்தது கம்பளிக் காலுறை. அதைச் சொல்லவில்லை. குளிருக்கு எல்லோரும் கணப்பு நெருப்பில் காலைக் காட்டுகிற ஊர் அது. நாலாம் நாள் சுண்டுவிரலில் கொப்புளத்தோடு வந்தார். ரத்தம் ஓடாத காலுக்குச் சூடு சரியாகத் தெரியாது என்று நான் படித்திருக்கிறேன். குற்றம் என்னுடையது, அவர் முகத்தைப் பார்க்கவே கூசியது.

"நீங்க சொன்னபடிதான் செஞ்சேன் சார். சூடே தெரியல, அதான் இன்னும் கொஞ்சம் கிட்ட வச்சேன்."

மைக்கோடு

விரல் கறுத்தது. கறுப்பு பாதத்துக்கு ஏறினால் மலையடிவார ஆஸ்பத்திரிக்கு அனுப்பிக் காலையே எடுக்க வேண்டும் என்றார் டாக்டர். கறுப்பின் ஓரத்தில் பேனா மையால் ஒரு கோடு போட்டேன். தினமும் காலையில் கட்டைப் பிரித்து முதலில் கோட்டைப் பார்ப்பேன். சவரிமுத்து பீடியை விட்டார்; வெட்கத்தில் நானும் சிகரெட்டை விட்டேன். ஒரு மாதமாகியும் கறுப்பு அந்தக் கோட்டைத் தாண்டவில்லை. விரலை மட்டும் டாக்டர் எடுத்தார்.

புண் ஆறி, ஏற்றமில்லாத நாற்றங்கால் வேலைக்கு அவர் மாறிய அன்று மன்னிப்புக் கேட்டேன்.

"விரல் போனா போவுது சார். இனிமே யாரையாச்சும் சூடா வச்சுக்கச் சொன்னா, எப்படின்னும் சேத்துச் சொல்லிருங்க."

பாடம் படித்தது நான், விரலைக் கொடுத்தது அவர். எங்கள் தொழிலில் படிப்பு பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது.