அடியில் வைக்கும் பலகை

நமுனுகுல தோட்டத்து ரஜீவ், பசறையில் ஒரு போன் கடையில் உடைந்த திரை மாற்றுகிறவர். அது வயிற்றுப்பாட்டுக்கு. உயிரை வைத்திருப்பதோ, போனில் நால்வர் அணியாகச் சேர்ந்து சுடும் விளையாட்டில். போன மாதம் அணித் தலைவன் மிப்ரான் குண்டடிபட்டு விழுந்து கிடந்தபோது, இவர் பக்கத்துக் கட்டடத்தில் தோட்டா பொறுக்கிக்கொண்டிருந்தார். அவரை அணியிலிருந்து நிறுத்திவிட்டார்கள். கடை வேலை போயிருந்தால்கூட மனுஷருக்கு இப்படிச் சோறு இறங்காமல் இருந்திருக்காது.

மன்னிப்புக் கேட்டால் மதிப்புக் குறைந்துவிடுமாம். ஆகவே அன்பளிப்பு. வீடியோவில் பார்த்த கோஸ்டர்: மேசையில் கறை படாமல் கோப்பைக்கு அடியில் வைக்கும் வட்டப் பலகை. ரஜீவின் லயத்து வரிசை வீட்டில் இருப்பது ஒரே மேசை, அதன்மேல் டீவி. பிறந்ததிலிருந்து தேத்தண்ணியைக் கையில் பிடித்தே குடித்தவருக்கு மேசைக் கறைமேல் திடீர்க் கவலை. உடைந்த அலுமாரிப் பலகையை அறுத்து, அணியில் ஆளுக்கொன்றாகத் தலைக்கவசம், துப்பாக்கி, மருந்துப் பெட்டி வரைந்தார். நாலாவது, பாரசூட், தனக்கு. மினுக்கத்துக்கு அக்கா சுதர்ஷினியின் கியூடெக்ஸ் நகப்பூச்சு.

"இது என்னடா, கத்தரிக்காயா?"

"பாரசூட், அக்கா."

"எதுலயாவது குதி. போறப்ப கியூடெக்ஸ் வாங்கி வச்சிட்டுப் போ."

ஞாயிற்றுக்கிழமை பதுளையில் மிப்ரான் வீட்டுக்குப் போனார். பொதியைப் பிரித்த மிப்ரான், "நல்லாருக்கு மச்சான்" என்றான், கண்ணைப் போனிலிருந்து எடுக்காமல். பக்கத்தில் பழைய கூட்டாளிகள் இருவர். கூடவே ஷாஹ்மி என்றொரு புது ஆள்.

"ஷாஹ்மி இப்ப நம்ம டீம். ஆள் விழுந்தா ஓடி வாறான்."

ரஜீவ் சிரித்துவைத்தார். பலகைகளைப் பார்த்தால் மனசு மாறும் என்று இன்னமும் நம்பிக்கை.

மிப்ரானின் தாய் ஜெமீலா அவற்றை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனார். இந்தக் குளிரில் விருந்தாளிக்குத் தேத்தண்ணியை சோசரால் மூடிக் கொடுப்பதுதான் மரியாதை. வட்டமான பலகை வேறெதற்கு? ட்ரேயில் ஐந்து கோப்பைகள் வந்தன, நாலுக்கு மூடி. பாரசூட்டைத் தூக்கிவிட்டு ஷாஹ்மி ஒரு மிடறு குடித்தான். ரஜீவுக்கு வந்தது திறந்த கோப்பை.

"ஆன்ட்டி, அது அடியில வைக்கிறதுங்க."

"அடியில வெச்சா சூடு நிக்குமா மகன்?" ஜெமீலா அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். "ஒனக்கும் ஒண்டு செஞ்சிருக்கலாமே."