கோர்ட்டு வளாகத்தில் அண்ணனும் நானும்

அப்பா போன பிறகு எங்கள் தோட்டம் இரண்டானது. என் பங்குக்குப் போகிற வண்டித்தடம் அண்ணன் பங்கு வழியாகத்தான் போகும். ஒரு நாள் அவர் அதன் குறுக்கே கம்பி வேலி போட்டுவிட்டார். பேசிப் பார்த்தேன், மசியவில்லை. தாராபுரம் கோர்ட்டில் வழக்குப் போட்டேன். அன்றோடு எங்களுக்குள் பேச்சு நின்றது.

வாய்தாவுக்கு இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில்தான் வருவோம். அவர் முன் சீட்டில், நான் பின்னால். சரித்திரம் நடத்துகிற டீச்சர், கூடப் பிறந்தவரைக் கோர்ட்டுக்கு இழுத்துவிட்டாள் என்று ஊரே பேசியது.

ஒரு வாய்தாவன்று மத்தியானமாகியும் கூப்பிடவில்லை. வளாகத்து வேப்பமரத்தடியில் ஒரு சிமெண்ட் பெஞ்சுதான் காலியாக இருந்தது. ஒரு முனையில் அவர், மறுமுனையில் நான். வெகுநேரம் கழித்து, என்னைப் பார்க்காமலே கேட்டார்.

"ஏனம்மணி, கோர்ட்டு, தாலுக்கா ஆபீசு, ஜெயிலு அத்தனையும் எதுக்கு ஒரே எடத்துல கட்டிப்போட்டாங்க?"

இரண்டு வருஷத்தில் முதல் பேச்சு. பாடம் நடத்திப் பழகிய வாய் முந்திக்கொண்டது.

"வெள்ளைக்காரன் காலத்துல மொதல்ல ஒரே அதிகாரிதானுங்ணா. மரத்தடியில கூடாரம் அடிச்சு உக்காருவாரு. வரி வாங்கறதும் அவர்தான், வழக்குக் கேக்கறதும் அவர்தான். கஜானாவும் காவலும் பக்கத்துலயே இருக்கோணும். பின்னால வேலைய மட்டும் பிரிச்சாங்க, எடம் மாறலீங்க. முனிசிபாலிட்டி, டீக்கடையெல்லாம் அதச் சுத்தி வந்ததுதான். பல ஊர்ல இப்படித்தானுங்க."

"வரி போடறவனே தீர்ப்பும் சொன்னா அதென்ன நாயம்?"

"அதனாலதானுங்க பிரிச்சாங்க."

அண்ணன் செருப்பு முனையால் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தார். "நானும் அதையேதான் பண்ணிப்போட்டேன். நானே அளந்தேன், நானே வேலியும் போட்டேன்."

"நானும் கேஸ் போடப்போறேன்னு வக்கீல் நோட்டீஸ் வர்ற வரைக்கும் உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லலீங்களே."

அதற்கப்புறம் வழக்கை மக்கள் நீதிமன்றத்துக்கு மாற்றிச் சமரசம் பேசினோம். சர்வேயர் வந்து அளந்தார். வேலியை அண்ணனே பிரித்தார். சமரசப் பத்திரத்தில் அவர் கையெழுத்துப் போடும்போது தாள் நகராமல் நான் பிடித்துக்கொண்டேன்.

வெளியே வந்ததும், "பசிக்குதா கண்ணு?" என்றார்.

பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு மெஸ்ஸில் உட்கார்ந்தோம். சின்ன வயசில் செய்வது போலவே, தன் இலையிலிருந்த அப்பளத்தை எடுத்து என் இலையில் வைத்தார். எனக்கு ஐம்பத்திரண்டு வயசு. மிச்சம் வைக்காமல் தின்றேன்.