கார் ஜன்னலில் வாங்கிய சாவி

“ஏம்மா, பாலத்துக் காத்துல சைக்கிள ஓட்டிட்டு வந்து, நீ காலைல ஏழு மணிக்கு ரத்தம் எடுப்பியா?”

பாம்பனில் ஒரு சின்ன ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை கேட்டுப் போனபோது அதன் முதலாளி இப்படித்தான் கேட்டார். என் வீடு பாலத்துக்கு இந்தப் பக்கம், மண்டபத்தில். ஒரு மாதம் பார்ப்பாராம். ஒருநாள் தாமதமானாலும் வேறு ஆள் தேடிக்கொள்வாராம். பஸ்ஸில் வரச் சொன்னார். பஸ்ஸும் கார்களுக்குப் பின்னால்தானே நிற்க வேண்டும் என்று நான் பதில் சொல்லவில்லை. வேலை வேண்டுமே.

அவர் கவலையிலும் நியாயம் இருந்தது. காலையில் வருகிறவர்கள் சர்க்கரை பார்க்க வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருப்பார்கள். எதிரே டீக்கடை. ரத்தம் எடுக்க ஆள் வராவிட்டால் ஒவ்வொருவராக அங்கே போய்விடுவார்கள். அப்புறம் அன்றைக்குப் பரிசோதனை கிடையாது.

சைக்கிள், பிளஸ் ஒன் படிக்கும்போது பள்ளியில் கொடுத்தது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். எங்கள் வீட்டுக்கு வந்த முதல் வண்டியும் அதுதான்.

மாதம் முடிவதற்குள் ஆடி அமாவாசை வந்தது. இராமேஸ்வரத்தில் திதி கொடுக்கப் போகும் கார்கள் பாலத்தை அடைத்து நின்றன. முன்னால் போனவர்கள் கடலைப் போட்டோ எடுக்க இறங்கியிருந்தார்கள். தெற்கிலிருந்து காற்று தள்ளியது. ஏற்றத்தில் இறங்கி, துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டி, வண்டி என் மேல் சாயும்படி பிடித்து ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனேன். பாதிப் பாலத்தில் ஒரு காருக்குள் முதலாளி உட்கார்ந்திருந்தார்; அவரும் இந்தப் பக்கத்திலிருந்துதான் தினமும் வருவார். நிலையத்தின் சாவி அவரிடம்தான் இருக்கும்.

கண்ணாடியைத் தட்டினேன். “சாவியக் குடுங்க சார்.”

முன்னால் நின்ற கார் வரிசையை ஒருமுறை பார்த்தார், என்னையும் பார்த்தார். கொடுத்துவிட்டு, “பாத்துப் போம்மா” என்றார்.

“நீங்க பாத்து வாங்க சார்.”

போய்ச் சேர்ந்தபோது வாசலில் ஒரு பெரியவர் டீக்கடையைப் பார்த்தபடி எழுந்து நின்றிருந்தார். “தாயி, இன்னுஞ் செத்த நேரம் போயிருந்தா கடைக்காரன் என்னய இழுத்திருப்பான்” என்று கையை நீட்டினார்.

கடைசிக் குப்பியில் பெயர் ஒட்டும்போதுதான் கார் வந்தது. முதலாளி வழக்கமாகக் கார் நிறுத்தும் நிழலில் என் சைக்கிள் நின்றது. அதை எடுக்கச் சொல்லாமல் காரை வெயிலில் விட்டார்.

மாதம் முடிந்தது, வேலை நிலைத்தது. கார் நுழையாத சந்துகளில் படுத்திருக்கும் நோயாளிகளுக்கு வீட்டுக்கே போய் ரத்தம் எடுக்கலாமா என்று கேட்டேன். யோசிப்போம் என்றார். அவர் யோசிக்கட்டும். நான் கேரியரில் ஐஸ் பெட்டியைக் கட்டி, இன்று காலை தங்கச்சிமடத்தில் மூன்று வீடுகளில் ரத்தம் எடுக்க வருவதாகச் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.