ஆறு திரும்பி ஓடிய மத்தியானம்

அழுகிய ஆகாயத்தாமரை வாசனையோடுதான் எங்களுக்குப் பொழுது விடியும். அடையாற்றங்கரையில் தகரக் கூரை வீடு. வாசலில் நின்று பல் தேய்த்தால் எதிரே ஆறு.

எட்டாவது படிக்கும்போது ஒன்றைக் கவனித்தேன்... காலையில் கடல் பக்கம் போன ஆகாயத்தாமரைக் கொத்துகள், மத்தியானம் சைதாப்பேட்டை பக்கம் திரும்பி வந்துகொண்டிருந்தன. காற்றே இல்லை. ஆறு பின்னால் ஓடுமா என்ன?

அம்மா மீன் கழுவிக்கொண்டிருந்தாள். "எனுக்கு இன்னாடி தெரியும்? மிஸ்ஸாண்ட கேளு. அதுக்குத்தான உன்ன இஸ்கோலுக்கு அனுப்பறேன்."

வகுப்பில் எழுந்து நின்றாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். மனதுக்குள் பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டுக் கேட்டேன்.

சயின்ஸ் மிஸ் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. "இது போர்ஷன்ல இருக்கா? இல்லல்ல... உக்காரு."

"மிஸ், இவ வூடே ரிவர்ஸ்ல போவும் மிஸ்" என்றாள் பின்பெஞ்சில் ஒருத்தி. வகுப்பே சிரித்தது. மிஸ்ஸும்தான்.

நான் விடவில்லை. மூங்கில் கழியில் நெயில் பாலிஷால் கோடு போட்டுக் கரையோரம் நட்டேன். தண்ணீர் ஏறும் நேரம் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப்போனது! யாரும் சொல்லித்தராமல் நானே கண்டது. சயின்ஸ் எக்சிபிஷனுக்கு அந்தக் கழியையே தூக்கிக்கொண்டு போனேன்.

மேசையில் பாண்டி பஜாரில் வாங்கிய ரெடிமேட் எரிமலை. பக்கத்தில், இங்கிலீஷில் ஒப்பிக்க இரண்டு பேர். என் கழியை பி.டி. ரூமில் சாத்திவிட்டு மிஸ் சொன்னார்: "நீ நல்ல பொண்ணு இல்ல? வாசல்ல நின்னு சீஃப் கெஸ்ட்டுக்குப் பன்னீர் தெளி."

தெளித்தேன். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார்.

அதற்குப் பிறகு நான் எந்த வகுப்பிலும் கை தூக்கவில்லை. எங்கள் குடும்பத்தின் முதல் டிகிரி... முழுக்கப் போர்ஷனுக்குள்ளேயே படித்து வாங்கியது.

நடுவில் எங்கள் குடிசைகளை இடித்து, எங்களை ஊருக்கு வெளியே அடுக்குமாடியில் கொண்டுபோய் வைத்தார்கள்.

இப்போது பிள்ளைகளுக்கு 'ஆர்வத்தைத் தூண்டும்' ஒரு கம்பெனியில் வேலை. அட்டெண்டன்ஸ் எடுப்பேன், ஜூஸ் கொடுப்பேன். போன சனிக்கிழமை ஏசி வேனில் அடையாற்றுக்குப் போனோம். பிள்ளைகளின் டீ-ஷர்ட்டில் பெரிதாக 'ஏன்?' என்று அச்சடித்திருந்தது. எங்கள் வாசல் இருந்த இடத்தில் கம்பி வேலி.

அதைப் பிடித்துக்கொண்டு ஒரு சின்னப் பெண் கேட்டாள்: "அங்கிள், ரிவர் ஏன் பேக்ல போகுது?"

டிரெய்னர் துள்ளிக் குதித்தார். "வாவ், சூப்பர் கொஸ்டின்! எல்லாரும் ஒரு கிளாப் குடுங்க!"

நானும் தட்டினேன். கடல் ஏறினால் ஆற்றுக்குள் தண்ணீர் ஏறுவதை, அதற்கு நிலா காரணமாக இருப்பதை, அழகாகச் சொன்னார். நான் எப்போதோ போனில் தேடிப் படித்ததுதான்... ஆனாலும் ஒருவர் வாயால் கேட்டது அன்றுதான்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டாள். "ஆத்தாண்ட போனியே... இன்னும் அப்டித்தான் திரும்பிப் போய்க்கினுகீதா? ஏன்னு இப்பனாச்சும் யார்னா சொன்னாங்களா?"

"சொன்னாங்கம்மா. நம்ம வூட்டு வாசல்லயே நின்னு சொன்னாங்க."