குளித்துவிட்டுப் பந்திக்குப் போனவர்

பாறசாலையில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தபோது அண்ணனின் போன் வந்தது. "ஒனக்க மைனி போயாச்சு. ஒறக்கத்திலயாக்கும். ஒரு கஷ்டமும் இல்ல" என்றார். அழுகை வந்தது. அதோடு, சொல்லக் கூசினாலும், ஒரு நிம்மதியும் வந்தது. அந்த நிம்மதிக்குக் காரணம் உண்டு.

வசந்தா மைனி வெள்ளறடைக்காரர். இந்துக் குடும்பம்; நாங்கள் கிறிஸ்தவர்கள். நெய்யாற்றின்கரையில் தையல்கடை வைத்திருந்தார். என் அண்ணனை விரும்பி மணந்தபோது அவருடைய அப்பா தடுக்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "நான் உயிரோட இருக்கது வர நீ ஞானஸ்நானம் எடுக்கப்பிடாது மக்களே." மைனி வாக்குக் கொடுத்தார்.

ஞாயிறு தவறாமல் எங்களோடு ஆலயத்துக்கு வருவார். பாட்டும் ஜெபமும் எங்களைவிட நன்றாக வரும். திருவிருந்தில் மற்றவர்கள் அப்பம் வாங்கப் போகும்போது மட்டும் இருக்கையிலேயே இருந்துகொள்வார். ஒருமுறை, கால் முடியாத ஒரு அம்மாவைத் தாங்கிப் பிடித்துப் பீடத்தருகே கூட்டிப்போனார். புதிதாக வந்திருந்த போதகர் அவரிடமும் அப்பத்தை நீட்டினார்.

"எனக்கு ஞானஸ்நானம் ஆவல்ல, ஐயா."

"பரவாயில்லம்மா, கர்த்தருடைய பந்தி. வாங்குங்க."

"கர்த்தருக்க பந்திதான். ஆனா குளிக்காம பந்தியில இருக்கது எனக்குச் செரிப்படாது."

வெளியே வந்ததும் சண்டை. முதலில் ஞானஸ்நானம், பிறகுதான் பந்தி என்று சிலர். பசித்தவரிடம் குளித்தாயா என்று கேட்கலாமா என்று சிலர். நீட்டிய அப்பத்தை மறுத்தது பாவம் என்றுகூட ஒருவர் சொன்னார். மைனி அந்த அம்மாவைக் கைபிடித்துப் படியிறக்கிக்கொண்டிருந்தார்.

வீட்டில் நான் கேட்டேன், "ஒங்க அப்பாட்ட ஒருக்க கேக்கப்பிடாதா மைனி?"

"கேட்டா சம்மதிப்பாரு. எனக்க மொகத்துக்காக சம்மதிச்சா அது சம்மதமா?" என்றார். "அவரு போனப்பொறவு எடுக்கலாம்ணு நெனச்சா, அவருக்க சாவுக்குல்லா நான் காத்துக் கெடக்கேன்? அது எனக்கு வேண்டாம்."

அப்படியே வருடங்கள் போயின. தம் அம்மா இறந்தபின் அப்பாவுக்குக் கஞ்சி வைக்க வெள்ளறடைக்கு அடிக்கடி பஸ் ஏறியதும் மைனிதான். பிறகு நோய் வந்தது. அப்பாவைவிடத் தாம் முந்திவிடுவோம் என்று அவருக்கும் தெரிந்தது, எங்களுக்கும் தெரிந்தது. போதகர் வீட்டுக்கே திருவிருந்தைக் கொண்டுவந்தார். "நோயில கெடக்கவங்களுக்குச் சட்டம் இல்லம்மா" என்றார். மைனி அவர் கையைப் பிடித்துக்கொண்டு, வேண்டாம் என்று தலையசைத்தார்.

அன்றைக்கே நான் யாரிடமும் சொல்லாமல் வெள்ளறடைக்குப் போனேன். முற்றத்தில் ரப்பர் ஷீட் காயப்போட்டுக்கொண்டிருந்த மைனியின் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சொன்னார்: "நான் அண்ணு பயந்துபோயாக்கும் சொன்னேன். தண்ணி தலையில விழுந்தா அவ எனக்க மொவ இல்லாம ஆயிருவாளோண்ணு. இத்தற வருஷம் எனக்குக் கஞ்சி ஊத்தினவ இனி எங்க போவா? ஒரு ஆட்டோ விளி."

மகளின் கட்டிலருகே வந்து நின்று, "மக்களே வசந்தா, நான் சொன்னத நானே திரும்ப எடுத்தாச்சு" என்றார். மைனி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தில் வருத்தம் இல்லை என்று தெளிந்த பிறகே சரி என்று தலையசைத்தார். மறுபடி வந்த போதகர் ஞானஸ்நானத்துக்குத் தண்ணீர் கேட்டபோது கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நின்றவர் அப்பாதான். பாதித் தண்ணீர் தலையணையில் போயிற்று.

பிறகு அப்பம். மைனி அதை விழுங்கிவிட்டு என்னைப் பார்த்தார். "இத்தற சின்னத் துண்டா?" என்றார். அழுதுகொண்டிருந்த நாங்கள் எல்லோரும், போதகர் உட்பட, சிரித்துவிட்டோம்.

எது முதலில் என்ற வாதம் எங்கள் சபையில் இன்னும் ஓயவில்லை. எனக்கு விடை தெரியாது. மைனிக்கு அது சட்டமாக இருக்கவில்லை. ஒருவரையும் நோகவிடாமல் பந்திக்குப் போக வேண்டும் என்பதே அவர் கவலை. அது நடந்தது.

அதன்பின் சில மாதங்கள் கடவுள் கொடுத்தார். கடைசியாக ஆலயத்துக்கு வந்த ஞாயிறன்று மைனி மெல்ல நடந்துபோய்ப் பீடத்தின் முன் முழங்காலிட்டார். வெளியே பலாமரத்தடியில் அப்பா காத்து நின்றார். மகள் படியிறங்கியதும், "அப்பம் கிட்டிச்சா மக்களே?" என்று கேட்டார்.

"கிட்டிச்சு அப்பா."

அவர் தோளைப் பிடித்துக்கொண்டு மைனி வெயிலில் நடந்துபோனார்.

நிம்மதியாகப் போங்கள் மைனி. அப்பாவுக்குக் கஞ்சி நாங்கள் வைக்கிறோம்.