மயிலின் கழுத்தில் சேறு

தடாகம் என்ற ஊரின் மலையடிவாரத்தில், கைவிடப்பட்ட மோட்டார் ரூமின் பின்சுவரில் யாரோ வரைந்திருக்கும் பெரிய நீல மயிலைத் தேடி வந்திருக்கிறோம். படம் எடுத்த கையோடு என் மகள் நிலா மேலே போகும் ஒற்றையடிப் பாதையில் ஏறிவிட்டாள். மயிலின் கழுத்தில், என் தலைக்கும் மேலான உயரத்தில், சேறு அப்பியிருக்கிறது. எந்தப் போக்கிரியின் வேலையோ என்று நினைக்கிறேன்.

அங்கே ஆடு மேய்க்கும் பெண் ஒருவர் எக்கி அதைத் தொட்டுப் பார்க்கிறார். "ஏனுங்க, இது ஆனை முதுகு தேச்ச சேறுங்க. இன்னும் காயலை."

மகளைக் கூப்பிட வாய் திறக்கிறேன். அவர் என் கையைப் பிடிக்கிறார்.

"கத்திப்போடாதீங்க அம்மணி. புள்ள பதறி ஓடியாரும், ஆனை எந்தப் பக்கம் நிக்குதோ. என்ற ஆடுகளைப் பாருங்க. அதுக தலை குனிஞ்சு மேயற வரைக்கும் பயமில்லீங்க."

போனில் சிக்னல் இல்லை. ஆடுகளின் தலைகளையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன். திடீரென எல்லாம் ஒன்றாக நிமிர்கின்றன. புதர் விலகுகிறது.

நிலா வருகிறாள். "அம்மா, மேல பாறைல இன்னொரு மயில் இருக்கு!"

அவளை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறேன். ஆடுகள் அவளைப் பார்க்கவில்லை; அவள் வந்த பாதையைப் பார்க்கின்றன. ஒன்றுகூட இன்னும் தலை குனியவில்லை.