மாராயியின் குடம்

சூரமங்கலம் ரயில்வே குவார்ட்டர்ஸில் நான் குமாஸ்தாவாகக் குடியிருந்த காலம் அது. மாற்றலாகிப் போன துரை ஒருவர் விட்டுப்போன கண்ணாடித் தொட்டி என்னிடம் வந்து சேர்ந்தது. மணல் பரப்பி, வேலம்பாசி நட்டு, ஏரியில் பிடித்த ஆறு கெண்டைக் குஞ்சுகளை அதில் விட்டேன். மூன்றாம் நாளே தண்ணீர் கழுநீர்போலக் கலங்கி நாறியது. தினமும் மாற்றியும் தெளியவில்லை. மீன்கள் ஒவ்வொன்றாகச் செத்து மிதந்தன.

எங்களுக்குக் கிணற்றுத் தண்ணீர் சுமந்தவள் மாராயி.

"கொடத்தக் கழுவற பழக்கமே உனக்குக் கெடையாதா? இனிமே இந்தப் பக்கம் வராத" என்று அக்கம்பக்கத்தார் பார்க்கக் கத்தினேன். அவள் வாசலில் நான் அப்போதுதான் வீசியிருந்த கடைசி மீனைக் குனிந்து எடுத்துக்கொண்டு போனாள்.

அதற்கு ஐந்தாம் நாள் குடத்தோடு வந்தாள். உள்ளே அந்த மீன் நீந்திக்கொண்டிருந்தது.

"நீங்க வீசறப்பவே இதுக்கு உசுரு இருந்துச்சுங்க சாமி. அதே கெணத்துத் தண்ணிதானுங்க. கொடமும் அதேதானுங்க."

அவள் போனபின் தொட்டி மணலைக் கிளறினேன். கை நிறைய அழுகிய கடலைப் புண்ணாக்கு வந்தது. நான் புதைத்ததுதான். காடு கழனி வேலை பார்த்த குடும்பம் எங்களுடையது; செடி நட்டால் எரு வைக்காமல் என் கை சும்மா இருக்காது.

மறுநாள் அவளைக் கூப்பிட்டு, "பழையபடி தண்ணி கொண்டா" என்றேன். புண்ணாக்கைப் பற்றி வாய் திறக்கவில்லை.

அன்றுமுதல் அவள் என் கண்ணெதிரே குடத்தை மூன்று முறை அலசிவிட்டுத்தான் தண்ணீர் ஊற்றினாள். நானும் வேண்டாம் என்று சொல்லாமல் பார்த்துக்கொண்டே நின்றேன்.